அரண் இருக்கிறது என்றார்கள்

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில், பெண்களுக்கான முதல் இதயநோய் மாநாடு நடந்தது. நடத்தியது அமெரிக்க இதயச் சங்கம். ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள் வந்தார்கள். மாநாட்டுக்கு வைத்த தலைப்பு ‘இதயங்களும் கணவர்களும்’. கணவனுக்கு மாரடைப்பு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி, வந்துவிட்டால் பராமரிப்பது எப்படி என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதயநோய் மாநாட்டுக்கு வந்த பத்தாயிரம் பெண்களும் சமையற்காரியாகவும் தாதியாகவும்தான் அழைக்கப்பட்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அந்த மாநாட்டை நடத்தியவர்கள் பெண்களை வெறுத்தவர்கள் அல்லர். அவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. பெண்ணுடலுக்குள் இயற்கையே ஓர் அரணைக் கட்டிவைத்திருக்கிறது, மாரடைப்பு அதைத் தாண்டி வராது என்ற நம்பிக்கை. முழுப் பொய் என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை பெண்களை என்ன செய்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, தமிழ் கற்பிப்பவள். ஆனால் இதை வாசிக்கத் தொடங்கியதற்கு என் குடும்பத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடக்கும்போது நெஞ்சை அடைத்து, நின்றால் விட்டுவிடும் வலியை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹெபர்டன். 1768இல் லண்டனில் மருத்துவர்கள் முன் அதைப் படித்தார். தம் காலமெல்லாம் பார்த்த இத்தகைய நோயாளிகள் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு என்றும், அவர்களில் பெண்கள் மூவர், சிறுவன் ஒருவன், மற்றவர்கள் எல்லாரும் ஐம்பதை நெருங்கிய அல்லது தாண்டிய ஆண்கள் என்றும் அவர் பதிவுசெய்திருக்கிறார். அந்த மூன்று பெண்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு. வைத்தியரைக் கூப்பிட்டு அனுப்பும் அளவுக்கு வசதியும் செல்லுபடியும் உள்ள பெண்கள் அந்த லண்டனில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எண்ணிக்கை நோயைச் சொல்கிறதா, வாசலைச் சொல்கிறதா? ஒரு நூற்றாண்டு கழித்து வில்லியம் ஆஸ்லர் காலத்தில் படம் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. நெஞ்சுவலிக்காரர் என்றால் இயந்திரம்போல ஓடி ஓடி உழைக்கும் திடமான ஆண். பெண்ணுக்கு அதே வலி வந்தால் அது ‘போலி’ நெஞ்சுவலி, நரம்புத் தளர்ச்சியின் சேட்டை.

1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிராமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 பேரைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. இதயநோய் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பெண்களையும் சேர்த்தார்கள்; பாதிக்கு மேல் பெண்கள். பெண்களுக்கு இந்த நோய் ஏறத்தாழப் பத்தாண்டு பிந்தி வருகிறது என்று கண்டார்கள். 1976இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னும் துல்லியமான ஒன்று இருந்தது. அங்கிருந்த 2,873 பெண்களில் மாதவிடாய் நிற்பதற்கு முன் ஒருவருக்குக்கூட மாரடைப்பு வரவில்லை. ஆக, அரண் கற்பனை அல்ல. ஆனால் ‘பிந்தி வருகிறது’ என்று ஆய்வு சொன்னது, மருத்துவமனை வராந்தாவுக்கு வந்து சேர்ந்தபோது ‘வராது’ என்று ஆகியிருந்தது. அதே ஆய்வில், ஆண்களுக்கு நோய் பெரும்பாலும் மாரடைப்பாகவும், பெண்களுக்கு முதலில் நெஞ்சுவலியாகவும் தலைகாட்டியது. பெண்களின் நெஞ்சுவலி ஆபத்தில்லாதது என்று அதற்கு ஆரம்பத்தில் பொருள் கொண்டார்கள். பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்தன. அந்த ஒரு வாசிப்பு மட்டும் மருத்துவர்களின் மனத்தில் நீண்டகாலம் உட்கார்ந்துகொண்டது.

அந்த அரண் எதனால் ஆனது? சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்குப் போய், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இன்னும் வேகமாக உறிஞ்சிக்கொள்ளச் செய்கிறது. இரத்தக்குழாயின் உட்படலத்தில் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் அங்கே போய் அமர்ந்ததும் அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகிறது. குழாய்ச் சுவர் தளர்ந்து விரிகிறது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் நழுவுகின்றன. இந்த வாயு இரத்தக்குழாயில் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்புப் படிவு ஒருநாளில் வருவதல்ல. இளமையிலேயே தொடங்கி, அங்குலம் அங்குலமாக நகரும். ஈஸ்ட்ரோஜன் அந்த நகர்வின் வேகத்தைக் குறைக்கிறது. அவ்வளவுதான். தடுத்து நிறுத்துவதில்லை.

இது பெண்ணுக்கு மட்டும் உரிய வரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆணுடலிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டு. 1994இல் அமெரிக்காவில், பிறவியிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய இதயத்தைப் பரிசோதித்தபோது, முப்பதே கடந்த அவருடைய இதயக் குழாயில் ஏற்கெனவே படிவு தொடங்கியிருந்தது. குழாயின் உட்படலமும் சரியாக விரியவில்லை. பெண்மை என்று மாலை போட்டு வைத்திருந்த ஒன்றை ஆணின் நெஞ்சும் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வட கரோலினாவில் ஒரு மருத்துவப் பள்ளியில் ஜே கேப்லனும் தாமஸ் கிளார்க்சனும் அவர்களுடைய குழுவினரும் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. பெண் குரங்குகளைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, அமெரிக்கர் சாப்பிடுவதைப் போன்ற கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். எந்தக் கூட்டத்திலும் சில நாட்களில் ஓர் அடுக்கு உருவாகிவிடும். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. கீழே உள்ளவள் அடி வாங்குவாள், விலகிப் போவாள், தனியே உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் அவளுக்குப் பேன் பார்ப்பது குறைவு. சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். பிறகு இரத்தக்குழாய்களை எடுத்துப் பார்த்தார்கள். மேலிடத்துப் பெண் குரங்குகளுக்குப் படிவு மிகக் குறைவு. கீழே இருந்தவற்றுக்கு ஆண் குரங்குகளுக்கு இணையாக, சினைப்பை நீக்கப்பட்ட பெண் குரங்குகளுக்கு இணையாகப் படிவு ஏறியிருந்தது. காரணத்தைத் தேடியபோது, அடங்கிக் கிடந்த பெண் குரங்குகளின் சினைப்பை ஒழுங்காக வேலை செய்யவில்லை, மாதச் சுழற்சியில் முட்டை வெளிவருவதே தவறிப்போயிருந்தது என்று தெரிந்தது.

1984 முதல் இந்த முடிவுகள் வெளியாகின. அடக்குமுறை உடலுக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உடனே, குரங்கிலிருந்து மருமகளுக்கு ஒரே தாவாகத் தாவிவிடாதீர்கள் என்றும் சொல்வேன். மனித வீடுகளில் அடுக்குகள் சிக்கலானவை. ஒரே பெண் காலையில் மாமியாரிடம் கீழே, மாலையில் தன் மகளிடம் மேலே. ஆனாலும் ஒன்று நிற்கிறது. அரண் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே உயரத்தில் கட்டப்படவில்லை.

அதே குழுவின் பிந்தைய ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சினைப்பைகளை நீக்கிய உடனே ஈஸ்ட்ரோஜன் கொடுத்த குரங்குகளுக்குப் படிவு பாதிக்கும் குறைந்தது. இரண்டு ஆண்டு விட்டுவிட்டு, அதாவது மனிதக் கணக்கில் ஆறு ஆண்டு கழித்து, கொடுத்தவற்றுக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குள் குழாய் மாறிவிட்டது. படிவு ஏறிய சுவரில் ஏற்பிகள் குறைந்துபோகின்றன. பழைய செய்தியைக் கேட்க அங்கே ஆள் இல்லை. காக்கும் பொருள் ஒன்றுதான், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது காக்கும் அல்லது கைவிடும். சில வேளை கெடுக்கவும் செய்யும். வாய்வழி உண்ணும் ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதைக் கூட்டுகிறது. படிந்து பலவீனமான சுவருக்கு அது நல்ல செய்தி அல்ல.

இந்த அறிவு வந்து சேர்வதற்கு முன்பே வியாபாரம் வந்துவிட்டது. சினையுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரீமாரின் என்ற மாத்திரை 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பெயரே ஆங்கிலத்தில் குதிரை, சிறுநீர் என்ற சொற்களைச் சுருக்கி ஒட்டியதுதான். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை போட்டால் என்றென்றும் பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். அமோகமாக விற்றது. மருந்து நிறுவனம் அதற்குச் செலவழித்தது என்று பின்னாளில் அவருடைய மகனே சொன்னார். இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் கடந்து போகிறேன்.

ஆனால் அதே 1966இல் தொடங்கிய இன்னொன்றைக் கடந்து போக முடியவில்லை. ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்குமா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்க்க முடிவுசெய்தார்கள். யாரிடம் சோதித்தார்கள் தெரியுமா? ஆண்களிடம். ஏற்கெனவே மாரடைப்பு வந்து பிழைத்த 8,341 ஆண்கள். அவர்களில் சிலருக்கு வெவ்வேறு மருந்துகள், சிலருக்குக் குதிரைச் சிறுநீர் ஈஸ்ட்ரோஜன், சிலருக்கு வெற்று மாத்திரை. பெண்ணின் அரணை ஆணுக்கு இரவல் வாங்கித் தரும் முயற்சி. அந்த ஆண்களுக்கு மார்பு பெருத்தது. இரத்தக் கட்டிகளும் மாரடைப்புகளும் கூடின. அதிக அளவு கொடுத்த பிரிவை 1970இலும், குறைந்த அளவு கொடுத்த பிரிவை 1973இலும் நிறுத்தினார்கள். இங்கேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. நோய் முற்றிய குழாயில் இந்த மருந்து உதவாது என்பது அது. ‘ஆணுக்குப் பெண் ஹார்மோன் ஒத்துவராது’ என்று மூடிவைத்துவிட்டார்கள். பெண்களுக்கு மாத்திரை தொடர்ந்தது.

அந்தக் காலத்துப் பெரிய தடுப்பு ஆய்வுகள் பலவற்றில் பெண்ணே இல்லை. இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளைக் குறைத்துப் பார்த்த ஆய்வில் 12,866 பேர், எல்லாரும் ஆண்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் சாப்பிட்டால் மாரடைப்பு குறையுமா என்று பார்த்த ஆய்வில் 22,071 மருத்துவர்கள், எல்லாரும் ஆண்கள். 1976இல் செவிலியரான 1,21,700 பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் ஹார்மோன் மாத்திரை போட்ட பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று தெரிந்தது. அந்த முடிவு 1985இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானபோது, ஹார்மோன் மாத்திரை போட்ட பெண்களுக்கு இதயநோய் கூடுகிறது என்று சொன்ன ஃபிராமிங்காம் கட்டுரையும் அதே இதழில், அதே வாரத்தில் இருந்தது. மருத்துவ உலகம் இனிப்பான கட்டுரையைத் தேர்ந்துகொண்டது. மாத்திரை வாங்கிப் போடும் பெண், பெரும்பாலும் படித்தவள், வசதியுள்ளவள், புகைக்காதவள், மருத்துவரிடம் முறையாகப் போகிறவள். காத்தது மாத்திரையா, வர்க்கமா என்று பிரித்துப் பார்க்கப் பலருக்கும் தோன்றவில்லை.

1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநராக பெர்னடின் ஹீலி பொறுப்பேற்றார். அவரே ஓர் இதயநோய் மருத்துவர். அந்த ஆண்டு அவர் எழுதிய தலையங்கத்துக்கு ‘யென்டல் நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். ஐசக் பாஷவிஸ் சிங்கரின் கதையில் வரும் பெண் யென்டல். மறைநூல் படிப்பதற்காக ஆண் வேடம் போடுகிறவள். அமெரிக்க மருத்துவமனைகளில் பெண் நோயாளிக்கு ஆணுக்குச் செய்யும் இதயப் பரிசோதனைகள் குறைவாகவே செய்யப்படுகின்றன என்று காட்டிய இரண்டு ஆய்வுகளைப் பற்றி அந்தத் தலையங்கம் பேசியது. தனக்கும் ஆணைப்போலவே இதயநோய் இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டிய பிறகுதான் பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்பது ஹீலியின் வாதம். ஒரு கதையின் பெயரை எடுத்து அறிவியல் இதழில் வைத்தாரே, அந்தத் துணிவுக்காகவே இலக்கிய வகுப்பில் அவரைக் குறிப்பிடுகிறேன்.

பெண்களை மட்டுமே வைத்து ஒரு மாபெரும் ஆய்வைத் தொடங்கியதும் ஹீலிதான். கருப்பை உள்ள 16,608 பெண்கள். குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை. 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு அந்த மாத்திரையைப் போட்டால் இதயநோய் 7 பேருக்குக் கூடியது, பக்கவாதம் 8 பேருக்கு, மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. அறுபது ஆண்டு விளம்பரம் ஒரு வாரத்தில் சரிந்தது. பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பதையும், மாதவிடாய் நின்று பல ஆண்டு ஆகிவிட்ட குழாய்களில்தான் மருந்து இறங்கியது என்பதையும் பிறகுதான் நிதானமாகப் பேசினார்கள். 2016இல் வெளியான 643 பெண்களின் ஆய்வு குரங்குகள் சொன்னதையே மனித உடலில் காட்டியது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பது மெதுவானது. பத்தாண்டுக்கு மேல் கழித்துத் தொடங்கியவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. அளந்தது சுவரின் தடிப்பைத்தான், மாரடைப்பை அல்ல. இதயத்தைக் காக்கவென்று இந்த மாத்திரையை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. உடல் கொதிப்பாலும் தூக்கமின்மையாலும் அவதிப்படும் பெண் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்வது வேறு விஷயம். அவளைப் பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல.

இனி நம் பக்கம் வருகிறேன். 2004இல் 52 நாடுகளில் முதல் மாரடைப்பைப் பற்றி நடந்த ஆய்வில், பெண்களுக்கு அது ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டு பிந்தி வந்தது. அரண் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனால் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயதே குறைவு. பிற நாடுகளில் சராசரி வயது 59, இங்கே 53. சர்க்கரை நோய் வந்துவிட்டால் பெண்ணுக்கு இருக்கும் சலுகை பெருமளவு பறிபோகிறது என்று ஃபிராமிங்காம் ஆய்வே 1979இல் சொல்லிவிட்டது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி உள்ள ஊரில் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அரணை இடிப்பதில் இன்னொன்று உண்டு. கத்தி. அந்தச் செவிலியர் ஆய்விலிருந்தே 1987இல் ஒரு முடிவு வந்தது. இரண்டு சினைப்பைகளையும் அறுவைசிகிச்சையில் நீக்கிவிட்டு, ஹார்மோனும் எடுத்துக்கொள்ளாத பெண்களுக்கு இதயநோய் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. நம் நாட்டில் கருப்பை நீக்கம் பற்றித் தேசியக் குடும்பநல ஆய்வு முதன்முதலில் கேட்டது 2015-16இல்தான். ஆந்திரமும் தெலங்கானாவும் முன்வரிசையில் நின்றன. 2019இல் மகாராட்டிரத்து பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்த செய்தி வெளிவந்தது. பலர் நாற்பதைத் தொடாதவர்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிடாய் இல்லாத உடல் கரும்புக் காட்டுக்கு வசதி. ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு’ என்ற கேள்வி அங்கு மட்டுமா இருக்கிறது? கருப்பை எடுக்கும்போது, பின்னால் புற்று வந்துவிடுமோ என்று சினைப்பைகளையும் கையோடு எடுத்துவிடும் வழக்கமும் உண்டு. நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே தொடர்தான். ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு.’ உள்ளே என்ன எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று சொல்ல அந்தத் தொடரில் இடமில்லை.

என் சின்னம்மா விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றினார். முப்பத்தொன்பது வயதில் அவருக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், பெரும்பாடு. நாற்பத்தாறில் சர்க்கரை. ஐம்பத்தொன்றில் ஒரு நாள் தாடையும் முதுகும் வலிக்கிறது, குமட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றார். “வாயு புடிச்சிருக்குது கண்ணு, பெருங்காயம் போட்டு மோர் குடிச்சா சரியாயிரும்” என்று போனில் என்னிடம் சொன்னவர் அவரேதான். பக்கத்துக் கிளினிக்கில் இருந்தவரும் அதையே சொன்னார். வயிற்றுப்புண்ணுக்கு ஊசி போட்டு அனுப்பினார். ஈசிஜி எடுக்கவில்லை. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஐம்பது வயதுப் பெண், நெஞ்சைப் பிடிக்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தால் வாயு என்றுதான் அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும். பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுவலி வருவதுதான் மிகுதி. ஆனால் மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மூன்றாம் நாள் விடியலில் சின்னம்மா இறந்துபோனார்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பழைய ஆபரேஷன் சீட்டு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். இருந்தது. ரேஷன் கார்டோடு ஒரு மஞ்சள் பையில் சின்னம்மா வைத்திருந்ததை அப்படியே எடுத்துவந்திருந்தார். மடிப்பில் கிழிந்த தாள். ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில், ஒரே வரி. மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கருப்பையோடு ரெண்டு பக்கச் சினைப்பையும் எடுத்திருக்காங்க மேடம் என்று பதில் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். தாளைக் கையில் வாங்கி, தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கர்ப்பப்பைன்னுதானே சொன்னாங்க” என்றார்.